புகை இல்லாத ஸ்கொட்ச்: நூக்நீயன் குடித்துப் பார்த்தாயிற்று

நல்லூர்த் திருவிழாக் கொடி இறங்கும் மட்டும் போத்தலைத் தொடக்கூடாது என்று வீட்டில் கட்டளை. அதனால் லண்டனில் இருந்து மச்சான் கொண்டுவந்த நூக்நீயன் சிங்கிள் மோல்ட் விஸ்கி, அதாவது ஒரே வடிசாலையில் முளைவிட்ட பார்லியில் மட்டும் வடித்தது, அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. இப்போது திறந்தாயிற்று.

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில், மல் தீவுக்கு எதிரே மோர்வன் பக்கம், பழைய பண்ணைக் கட்டடங்களில் 2017 இல் வடிக்கத் தொடங்கிய சின்ன வடிசாலை இது. கடற்கரை விஸ்கி என்றதும் ஐலா தீவுச் சரக்கைப்போல புகையும் மருந்து நெடியும் அடிக்கும் என்று நினைக்கிறவர்கள் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் இவர்கள் பார்லிக்குப் புகையே போடுவதில்லை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் கறுத்தக்கொழும்பான் மாம்பழத் தோல் சீவும்போது வருகிற மாதிரி ஒரு பழவாசம், பின்னால் தோடம்பழத் தோல், வாயில் கொஞ்சம் தேன், கொஞ்சம் மிளகு. அமெரிக்க பேர்பன் விஸ்கி இருந்த பீப்பாயும், உட்புறம் சுரண்டித் திரும்பச் சுட்டெடுத்த சிவப்பு வைன் பீப்பாயும் பாவிக்கிறார்கள். அந்த இனிப்பு அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று இப்போது சவர்க்கார உறையிலும் அச்சடிக்கிறார்கள், அதனால் முதலில் நான் அதைக் கணக்கெடுக்கவில்லை. ஆனால் இவர்கள் கைவைத்த இடம் சரியான இடம். வடிசாலையில் சக்தி முக்கால்வாசி கொதிக்கவைக்கத்தான் போகும், அந்தக் கொதிகலனை எண்ணெயில் ஓட்டாமல் அக்கம்பக்கத்துக் காட்டு மரச்சீவலில் ஓட்டுகிறார்கள். பார்லி முழுக்க இரசாயனம் போடாமல் ஸ்கொட்லாந்திலேயே விளைந்தது, சக்கை மாட்டுக்குப் போகிறது, போத்தல் நூறு வீதம் மீள்சுழற்சிக் கண்ணாடி. எங்கள் யாழ்ப்பாணத்துத் திக்கம் வடிசாலையும் கடலுக்குக் கிட்டத்தான், அது பனங்கள்ளை வடிக்கவென்று வந்தது, பனைக்கு யார் உரம் போட்டார்கள், யார் தண்ணீர் இறைத்தார்கள்? அதை இப்படி எடுத்துச்சொல்லி விற்கத் தெரிந்தால் வடமராட்சிக்கு நல்ல காசு.

சரி, குறையும் இருக்கிறது. வயது குறைந்த விஸ்கி என்பது தெரிகிறது, விழுங்கியதும் சுவை சட்டென்று போய்விடும், பன்னிரண்டு வருடச் சரக்குக் குடித்துப் பழகிய நாக்குக்கு இது பத்தாது. மதுவீதம் 46, எங்கள் வெக்கையில் அப்படியே ஊற்றினால் மூக்கில் ஏறும். விலையும் அங்கேயே 50 பவுண் அளவில், அந்தக் காசுக்கு பிளாக் லேபல் ஒன்றும் மிச்சமும் வரும் என்று மச்சானே முணுமுணுத்தார்.

குளிர்ந்த தண்ணீர் ஒரு தேக்கரண்டி விட்டால் வாசம் நன்றாகத் திறக்கும். சோடாவும் ஒரு புதினாக் கொத்தும் போட்டால் பின்னேரத்துக்கு அதைவிட நல்லது. கோலா மட்டும் கலக்காதீர்கள், அதற்குச் சாராயமே போதும். நண்டுக்கறியும் வேண்டாம், அந்த உறைப்பில் இந்தப் பழவாசம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்; வறுத்த கச்சான் இருந்தால் காணும்.