மார்பிள் பட்டர்கிரீம் அலங்காரத் தொகுப்பு: ஆறு கேக்குகளுக்குப் பிறகு

சலவைக்கல்லின் மேற்பரப்பைப் போல இரண்டு மூன்று நிறங்கள் கலந்தும் கலவாமலும் ஓடும் பட்டர்கிரீம் (வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடித்த கிரீம்) பூச்சை வீட்டிலேயே செய்து பழக விரும்புபவர்களுக்கென்று விற்கப்படும் ஒரு கருவித் தொகுப்பை வாங்கி, கடந்த மூன்று மாதங்களில் ஆறு கேக்குகளை அலங்கரித்திருக்கிறேன். சுழல் மேடை, எஃகு ஸ்கிரேப்பர் (பூச்சை வழித்துச் சமன்படுத்தும் தகடு), பூச்சைத் தடவுவதற்கான கழுத்து வளைந்த பாலெட் கத்தி, கிரீமைப் பிழியும் பத்து பைப்பிங் பைகள், நான்கு ஜெல் நிறங்கள், ஒரு சிறு கையேடு ஆகியவை பெட்டிக்குள் இருக்கின்றன. முதல் இரண்டும் மிகச் சிறந்தவை. கத்தி சுமார். நிறங்கள் பொறுமையாகக் கையாண்டால் நல்ல பலன் தரும். கையேட்டில் உள்ளபடியே செய்தால் மட்டும் மார்பிள் வராது.

சுழல் மேடையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒற்றை நிறப் பூச்சில் மேடை திக்கித் திக்கிச் சுழன்றாலும் மறுபடி மறுபடி வழித்துச் சரிசெய்துவிடலாம். மார்பிளில் அந்த வாய்ப்பு இல்லை. ஒவ்வொரு முறை வழிக்கும்போதும் நிறங்கள் மேலும் இழுபட்டுக் கலந்துவிடும் என்பதால், ஸ்கிரேப்பரைப் பிடித்த கை அசையாமல் நிற்க, மேடை குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது நிற்காமல் ஒரே வேகத்தில் வந்தாக வேண்டும். இந்த மேடையின் தட்டு அலுமினியத்தால் ஆனது, அடிப்பாகம் கனமான வார்ப்பிரும்பு, நடுவில் பால் பேரிங் பொருத்தியிருக்கிறார்கள். 15 சென்டிமீட்டர் விட்டமும் 12 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கேக்கை ஏற்றி விரல் நுனியால் தள்ளினால் ஆட்டமோ உரசலோ இல்லாமல் சுழல்கிறது. தட்டில் பொறித்திருக்கும் வட்டக் கோடுகளும் வெறும் அழகுக்காக இல்லை. கேக் நடுவிலிருந்து சற்றே விலகி இருந்தாலும் ஒரு பக்கம் பூச்சு தடித்து, எதிர்ப்பக்கம் உள்ளிருக்கும் கேக் தெரியுமளவுக்கு மெலிந்துவிடும். அந்தக் கோடுகளைப் பார்த்து வைத்தால் இந்தக் குறை வருவதில்லை. இதற்குமுன் எடை குறைந்த பிளாஸ்டிக் மேடை ஒன்றில் இரண்டு ஆண்டுகள் பழகியிருக்கிறேன். என் கைதான் நடுங்குகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் நடுங்கியது மேடை.

ஸ்கிரேப்பரின் உயரம் 15 சென்டிமீட்டர். அது கேக்கைவிட உயரமாக இருப்பதால் பக்கவாட்டுப் பரப்பு முழுவதையும் ஒரே இழுப்பில் வழிக்க முடிகிறது. உயரம் குறைந்த ஸ்கிரேப்பரை மேலொரு முறை, கீழொரு முறை என்று வைத்தால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் மார்பிள் கோடுகள் வெட்டுப்பட்டு நிற்கும். இதன் அடிவிளிம்பு சரியான செங்கோணத்தில் இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், பிழையில்லை. அடிவிளிம்பைத் தட்டின்மேல் ஊன்றி, கேக்கின் பரப்புக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்த்துப் பிடித்தால் பக்கங்கள் நேராக எழுகின்றன.

என் மனக்குறையெல்லாம் கையேட்டின் மேல்தான். மூன்று நிறங்களையும் கேக்கைச் சுற்றித் திட்டுத் திட்டாக அப்பிவிட்டு, பரப்பு முழுவதும் வழவழப்பாகும் வரை வழிக்கச் சொல்கிறது அது. முதல் கேக்கில் அப்படியே செய்தேன். ஏழெட்டுச் சுற்று வழித்த பிறகு பரப்பு கண்ணாடி போல் ஆகிவிட்டது, ஆனால் வெள்ளை, நீலம், இளஞ்சிவப்பு என்று தொடங்கியவை ஒரே மங்கலான ஊதாவாகிவிட்டிருந்தன. சமன்படுத்துவதற்குப் பல சுற்றுகள் வேண்டும், மார்பிளுக்கோ இரண்டு மூன்று சுற்றுகளுக்கு மேல் தாங்காது. இந்த இரண்டு வேலைகளையும் ஒரே கட்டத்தில் செய்யச் சொல்வதுதான் பிழை. மூன்றாவது கேக்கிலிருந்து நான் பின்பற்றும் முறை வேறு. முதலில் உதிரும் துகள்களை அடக்க மெல்லிய அடிப்பூச்சு ஒன்றைப் பூசி, குளிர்பெட்டியில் 20 முதல் 30 நிமிடம் வைத்து எடுக்கிறேன். அதன்மேல் வெள்ளை பட்டர்கிரீமைத் தடிமனாகப் பூசி, எத்தனை சுற்று ஆனாலும் சரி, முழுமையாகச் சமன்படுத்துகிறேன். அது இறுகுவதற்குள், கத்தி முனையில் சிறு சிறு அளவாக நிறங்களை எடுத்து அழுத்திப் பதித்து, இரண்டே சுற்றில் வழித்து நிறுத்திக்கொள்கிறேன். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஸ்கிரேப்பரைத் துடைப்பது கட்டாயம். துடைக்காவிட்டால் விளிம்பில் தேங்கிய கலவை அடுத்த சுற்றில் வெள்ளையின்மேல் அழுக்குப் போலப் படியும்.

மேடை சுழலும் திசையிலேயே நிறங்கள் இழுபடுவதால் கோடுகள் எப்போதும் கிடைமட்டமாகவே வரும். சலவைக்கல்லில் அப்படி இருப்பதில்லை. சுண்ணாம்புக்கல்லில் கலந்திருந்த களிமண், இரும்பு ஆக்சைடு போன்றவை அந்தக் கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறும்போது ஏற்படுத்தும் கோடுகள் அவை. ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மயிரிழையாகவும் சாய்ந்து ஓடும், பெரும்பரப்பு வெறுமையாகவே இருக்கும். அதனால் நிறத்தைச் சாய்வாகப் பதிக்கிறேன், முக்கால் பங்குப் பரப்பை வெள்ளையாக விட்டுவிடுகிறேன். பூச்சு இறுகிய பிறகு, சாம்பல் நிற ஜெல்லை ஓரிரு துளி வோட்காவில் கரைத்து மெல்லிய தூரிகையால் சில இழைகளை வரைவதும் உண்டு. ஆல்கஹால் விரைவில் ஆவியாகிவிடுவதால் நிறம் பரவாமல் நிற்கும்.

ஜெல் நிறங்கள் நீலம், இளஞ்சிவப்பு, ஊதா, கறுப்பு என நான்கு. நீர் நிறங்களை அதிகம் ஊற்றினால் வெண்ணெய் திரிந்துபோகும். ஜெல்லில் நீர் குறைவு, அடர்த்தி மிகுதி, ஆகவே இந்தத் தேர்வு சரியானதே. ஆனால் கலந்தவுடன் நிறம் போதவில்லை என்று மேலும் சேர்க்கக் கூடாது. சில மணி நேரத்தில் தானாகவே அடர்த்தியாகும், இதையும் கையேடு சொல்லவில்லை. கறுப்பை ஆழ்ந்த கறுப்பாகவே கொண்டுவர முயன்றால் நாவில் கசப்பு தட்டுகிறது. முதலில் கோகோ தூள் கலந்து பழுப்பாக்கிக்கொண்டு பிறகு கறுப்பைச் சேர்த்தால் அளவு வெகுவாகக் குறையும். தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஊதாதான். வெண்ணெயின் மஞ்சளோடு சேர்ந்தால் நீலம் பச்சையாகத் திரும்பும். பல்குத்தும் குச்சியின் நுனி அளவு ஊதாவை வெள்ளைப் பங்கில் கலந்தால் அந்த மஞ்சள் அடங்கிவிடுகிறது. எந்த நிறங்களைச் சேர்த்து வைப்பது என்பதிலும் கவனம் தேவை. நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த இடம் ஊதாவாகிக் கண்ணுக்கு இதமாக இருக்கும், சிவப்பும் பச்சையும் கலந்த இடமோ சேற்று நிறமாகிவிடும்.

பட்டர்கிரீமைத் தொகுப்பு தருவதில்லை, நாமே செய்துகொள்ள வேண்டும். எடையில் ஒரு பங்கு வெண்ணெய்க்கு இரண்டு பங்கு ஐசிங் சர்க்கரை (மாவுபோல் பொடித்த சர்க்கரை) என்னும் எளிய முறையையே நான் கையாள்கிறேன். வெண்ணெயைத் தனியாக ஏழெட்டு நிமிடம் அடித்தால் வெளுத்து வரும். சர்க்கரையும் சேர்ந்த பிறகு, கடைசி இரண்டு நிமிடம் மிகக் குறைந்த வேகத்தில் அடிப்பது காற்றுக் குமிழ்களை வெளியேற்றும். குமிழ் இருந்தால் அழகாக ஓடிவரும் கோடு நடுவில் குழி விழுந்து அறுந்து நிற்கும்.

பாலெட் கத்தியின் அலகு மெல்லியதாக இருப்பதால் தடித்த பூச்சை எடுக்கும்போது வளைகிறது, நிறங்களைப் பதிக்க மட்டும் போதும். பைப்பிங் பைகள் உறுதியானவை.

ஆறாவது கேக்கைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஈரக் காற்றில் அப்படியே வைத்துவிட்டதில், பரப்பில் நீர் அரும்பிக் கறுப்புக் கோடுகள் இரண்டு இடங்களில் கசிந்தன. இது கருவிகளின் குறையன்று. அட்டைப் பெட்டிக்குள் மூடியபடியே வைத்து அறை வெப்பத்துக்கு வர விட்டிருக்க வேண்டும். கனமான சுழல் மேடை ஏற்கெனவே உள்ளவர்கள் கேக்கைவிட உயரமான எஃகு ஸ்கிரேப்பர் ஒன்றையும் ஊதா ஜெல்லையும் தனியாக வாங்கிக்கொண்டால் போதும். மேடையே இல்லாதவர்கள் இந்தத் தொகுப்பைத் தயங்காமல் வாங்கலாம்.