நாலடி வலைக் கூண்டு: முதல்முறை பச்சோந்தி முட்டை பொரிக்க வைப்பவர்களுக்கு

டொராண்டோ ஸ்கார்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட் ஹாலில் ஒரு ஜோடி வெய்ல்டு பச்சோந்தி வளர்கிறது. ஏமன், சவூதி அரேபியா பக்கத்து இனம்; தலையில் உயரமான கொண்டை. இரண்டும் வளர்ப்பில் பிறந்தவை. இந்தியாவிலிருந்து கேட்கிறவர்களுக்கு ஒன்று: அங்குள்ள நாட்டுப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தோட்டத்தில் கண்ணில் பட்டால் அதன் பாட்டுக்கு விட்டுவிடுங்கள்.

பெண் பச்சோந்திக்காக வாங்கிய அலுமினிய வலைக் கூண்டைப் பற்றித்தான் இது. அகலம், ஆழம் இரண்டும் 24 அங்குலம், உயரம் 48. முதல்முறை இணை சேர்க்கிறவர்கள் நேராக முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் விலை விசாரிக்கப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், காசை முதலில் நல்ல கூண்டில் போடுங்கள்.

இந்தக் கூண்டில் எனக்கு மிகவும் பிடித்தது கீழே தனியாக இருக்கும் கதவு. இணை சேர்ந்து மூன்று, நான்கு வாரத்தில் பெண் முட்டையிடும். அதற்கு முன்பே உடல் கரும்பச்சையாகி, மஞ்சளும் நீலமுமாகப் புள்ளி விழும். அப்புறம் கிளையை விட்டு இறங்கித் தரையிலேயே அலையும். தோண்ட இடமில்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிரையே எடுத்துவிடும். ஓரடி ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய தொட்டியை, மேலே ஒரு கிளையைக்கூட அசைக்காமல் அந்தக் கதவு வழியாக உள்ளே தள்ள முடிந்தது. ஆண் வேண்டாம் என்று பெண்ணை மட்டும் வளர்த்தாலும் தொட்டி வேண்டும். இணை சேராமலே முட்டையிடும் இனம் இது.

குறை இல்லாமல் இல்லை. நாலு பக்கமும் வலை என்பதால் உள்ளே மறைவே கிடையாது. தோண்டும்போது ஆளைப் பார்த்துவிட்டால் பாதிக் குழியோடு விட்டுவிடும். மூன்று பக்கமும் பழைய போர்வையைத் தொங்கவிட்டோம். சுரங்கம் போலத் தோண்டி, உள்ளேயே திரும்பி, தலை மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தது. முட்டையெல்லாம் இட்டு முடித்து மண்ணைத் தள்ளி மூடி, பின்னங்காலால் மிதித்து மிதித்து இறுக்கியதைப் போர்வை இடுக்கு வழியாகப் பார்த்தேன். என்ன ஒரு பொறுப்பு!

அடித்தட்டு மெல்லிய பிளாஸ்டிக். ஈர மணலின் பாரத்தில் தொய்கிறது, அதனால் அடியில் பிளைவுட் கொடுத்தே ஆக வேண்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது ஈரம் நிற்பதே இல்லை. பின்பக்கத்தை பாலிதீன் ஷீட்டால் மூடிவிடுங்கள்.

முட்டைகளை ஈர வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) போட்ட டப்பாவுக்கு மாற்றினோம், கிடந்த வாக்கிலேயே, புரட்டாமல். 26 டிகிரி சுற்றி நிலையாக இருக்கும் அலமாரித் தட்டே போதும். பொரிய ஆறிலிருந்து ஒன்பது மாதம் ஆகும். இன்குபேட்டருக்கு அவசரமில்லை என்று சொல்வது அதனால்தான்.

ஆணுக்குத் தனிக் கூண்டு கட்டாயம், சேர்த்து வளர்க்கவே கூடாது. குஞ்சுகளுக்கு இந்தக் கூண்டு ஆகாது. அவை தின்னும் இறக்கையில்லாப் பழ ஈக்கள் இந்த வலைக்கண் வழியாகத் தப்பிவிடும், அப்புறம் வீடு முழுக்க ஈதான். அவற்றுக்கு மூடியில் நுண்வலை ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். இந்தக் கூண்டைப் பெரியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.