வேளச்சேரி அண்ணாச்சி கடை: பீதி நாட்களில் எப்படி?

எங்கள் தெரு மளிகைக்கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. பருப்பு நல்லதா, எடை சரியா என்பதையெல்லாம் சாதாரண நாளில் நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நான் எழுதப்போவது மற்ற நாட்களைப் பற்றி. 2015 வெள்ளம், 2020 ஊரடங்கு, 2023 மிக்ஜாம் புயல், 2024 சிவப்பு எச்சரிக்கை என்று நான்கு தடவை இந்தக் கடை வாசலில் கூட்டத்தோடு கூட்டமாகப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். 2019-ல் ஓய்வு பெறும்வரை வங்கியில் காசாளர் வேலை. வரிசையைக் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்த்துப் பழகியவள். அந்தக் கண்ணோடு பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் யாருக்கும் வழி தெரியாது. அண்ணாச்சி கடை என்றால் குழந்தை கூடக் கைகாட்டும். சாலையிலிருந்து ஐந்து படி ஏற வேண்டும். முட்டிவலிக்காரர்கள் எல்லோரும் (நானும்தான்) அந்தப் படிகளைத் திட்டியிருக்கிறோம். 2015 டிசம்பரில் தண்ணீர் நான்காவது படியில் வந்து நின்றபோது திட்டுவதை நிறுத்திவிட்டோம்.

அந்த டிசம்பர் 1 ராத்திரி மின்சாரம் போனது. மறுநாள் காலையில் செல்போனும் செத்துவிட்டது. ஏடிஎம் இல்லை. பேப்பரும் வரவில்லை, 1878-ல் தொடங்கிய இந்து நாளிதழே டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டோம். ஆக, எங்களுக்குச் செய்தி என்று இருந்ததெல்லாம் அண்ணாச்சி கடைப் படியில் நின்று பேசியதுதான். ஏரி உடைந்துவிட்டது என்றார்கள். ராத்திரி இன்னும் ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வரும் என்றார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி நீந்தி வருகின்றன என்றார்கள். அந்தப் பண்ணைக்காரர்கள் ஒரு முதலை கூட வெளியே போகவில்லை என்று மறுத்த செய்தி எங்களுக்கு வந்து சேர நாலு நாள் ஆனது.

இதில் ஒன்றைக் கவனித்தேன். முதலைக் கதையைக் கொண்டுவந்தவர் மூன்றாம் மாடிக்காரர். அவர் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தரைத்தளத்துக்காரர்கள் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பினாயில் வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டார்கள். அவர்களுக்கு இறைக்க வேலை இருந்தது. உளவியல் படித்த என் மகளிடம் பிறகு இதைச் சொன்னபோது, 1934 பீகார் நிலநடுக்கத்திலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள் அம்மா என்றாள். ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் அப்போது உலவிய வதந்திகளைத் திரட்டி வைத்திருக்கிறார். சந்திர கிரகணத்தன்று இன்னொரு பெரிய நடுக்கம் வரும் என்கிற மாதிரி. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்கர் பின்னாளில் அதைப் படித்துவிட்டுக் கேட்ட கேள்வி: பூமி ஆடியது, ஆனால் ஒன்றும் இடியவில்லை என்ற இடத்தில் ஏன் இவ்வளவு பயங்கரமான வதந்திகள்? நெஞ்சு படபடக்கிறது, கண்ணெதிரே அதற்குக் காரணம் இல்லை. அந்தப் படபடப்புக்கு ஏற்ற காரணத்தை ஊரே சேர்ந்து உண்டாக்கிக்கொள்கிறது என்பது அவர் பதில். எங்கள் மூன்றாம் மாடிக்காரருக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

அண்ணாச்சி அன்று என்ன செய்தார்? வெளியே பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். இவரிடம் பால் இல்லை, பால் பவுடர் இருந்தது. அச்சிட்ட விலைதான். மெழுகுவர்த்திப் பொட்டலத்தைப் பிரித்து, வீட்டுக்கு இரண்டு என்று உதிரியாகக் கொடுத்தார். காசு இல்லாதவர்களுக்கு நோட்டில் கணக்கு. “கைக்குழந்தை இருக்கிற வீடு மொதல்ல வரட்டும்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. கார் நிறுத்தும் இடத்துக்காக வருஷம் முழுக்க அடித்துக்கொள்கிற அதே ஆட்கள். எனக்கே நம்ப முடியவில்லை.

அடுத்த வருஷம் நான் கண்ணாடிக்கு உள்ளே. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாது என்றார்கள்; 10-ம் தேதி வங்கி திறந்தோம். ஆளுக்கு நாலாயிரம் ரூபாய்தான் மாற்றலாம். வரிசை தெருமுனை தாண்டிப் போனது. எங்கள் மேலாளர் செய்த ஒரே புத்திசாலித்தனம், பத்து ரூபாய்க் கட்டுகளைப் பெட்டிக்குள் வைக்காமல் என் மேஜை மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி அடுக்கச் சொன்னது. மொத்தமாக எண்ணினால் பெரிய தொகை வராது. ஆனால் அடுக்கு உயரமாகத் தெரிந்தது, வரிசையில் குரல் தணிந்தது. வங்கி திவாலாகும் என்று எல்லோரும் நம்பிப் பணத்தை எடுக்க ஓடினால் நல்ல வங்கியும் திவாலாகும் என்று ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் 1948-லேயே எழுதினாராம். அந்த வாரம்தான் டெல்லி, உத்தரப்பிரதேசப் பக்கம் உப்பு தீர்ந்துவிட்டது என்று வதந்தி கிளம்பி, ஜனங்கள் கடைகளை மொய்த்தார்கள். கடல் சூழ்ந்த நாட்டில் உப்பு எப்படித் தீரும் என்று நாங்கள் சிரித்தோம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் நானும் இரண்டு கிலோ உப்பு வாங்கினேன். அண்ணாச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது 2020-க்கு வருவோம். மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவு முதல் 21 நாள். அன்று கடையில் நடந்தது தள்ளுமுள்ளுதான், அதை மறைக்க மாட்டேன். அண்ணாச்சியே தடுமாறிவிட்டார். ஆனால் அவர் பாடம் கற்றுக்கொண்டார். ஏப்ரல் 24 அன்று, சென்னையில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு, மளிகைக்கடையும் திறக்காது என்று அறிவித்தார்கள். நடுவில் ஒரே ஒரு சனிக்கிழமை. ஊரெல்லாம் மார்க்கெட்டுகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். கூட்டம் கூடாதே என்பதற்காகப் போட்ட உத்தரவு கூட்டத்தைக் கூட்டியது. எங்கள் கடையில் அவரும் பையனும் வெள்ளி ராத்திரி முழுக்க உட்கார்ந்து அரிசி, பருப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் அரைக்கிலோ, ஒரு கிலோ பொட்டலமாகக் கட்டிவிட்டார்கள். காலையில் எடை போடும் வேலையே இல்லை. ஆளுக்கு இரண்டு நிமிஷம். சுண்ணாம்பு வட்டத்தில் நின்றபடி நகர்ந்துகொண்டே இருந்தோம். காசாளர் வேலை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். நீளமான வரிசையைக்கூட ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். அசையாத வரிசையில்தான் முதல் கெட்ட வார்த்தை கேட்கும்.

இன்னொரு தந்திரத்தை அவர் என்னிடம் ஒருநாள் மெதுவாகச் சொன்னார். சரக்கு குறைந்தால் உள் அலமாரியைக் காலி செய்துவிட்டு, இருப்பதையெல்லாம் முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிடுவாராம்.

“அக்கா, வெறும் தட்டப் பாத்தாத்தான் சனங்களுக்குப் பயம் வருது. சர்க்கரை இல்லன்னு போர்டு மாட்டினா, சர்க்கரை வேண்டாதவன்கூட வந்து கேப்பான்.”

இது ஏமாற்று இல்லையா என்றேன். சிரித்தார். எனக்கு என் மேஜை மேல் இருந்த பத்து ரூபாய்க் கட்டுகள் ஞாபகம் வந்தன, மேலே பேசவில்லை.

கடைப் பையன் பீகார்காரன். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவினவே, அப்போது அவன் அம்மா ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அழைத்தாள். அவனைச் சுற்றி ஒன்றுமே நடக்கவில்லை, தெரு தெருவாகத்தான் இருந்தது. ஆனால் போனில் தெரிந்த தெரு வேறு. தமிழகக் காவல்துறை பொய் என்றது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது. அவன் அதற்குள் பெட்டி கட்டிவிட்டான். அண்ணாச்சி தடுக்கவில்லை. வீடியோ அழைப்பு போடச் சொல்லி, போனை வாங்கி, கடை, தெரு, எதிரே இருக்கும் பிள்ளையார் கோயில், அரைகுறை இந்தியில் பேச முயன்ற என்னையும் சேர்த்து அந்த அம்மாவுக்குக் காட்டினார். பையன் ஹோலிக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பி வந்தான்.

சரி, குறை. இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் இது மதிப்புரை இல்லை. அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம். வேளச்சேரியில் படகு ஓடிய வாரம். பாலுக்கு நகரமே அலைந்தது. மூன்றாம் நாள் அண்ணாச்சிக்கு எப்படியோ நாலு பெட்டி பால் பாக்கெட் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு அரை லிட்டர் ஒன்று. நாற்பது பேர் சத்தமில்லாமல் நின்றோம். பதினைந்தாவது ஆள் இருக்கும்போது, அடுக்குமாடிச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கும் ஒருவர் பக்கவாட்டுக் கதவுப் பக்கம் வந்து இரண்டு பாக்கெட் வாங்கிப் போனார். அவ்வளவுதான். அரை நிமிஷத்தில் வரிசை என்று ஒன்று இல்லை. பால் தீரவில்லை, இன்னும் பெட்டிகள் கண்ணெதிரே இருக்கின்றன, எல்லோருக்கும் வரும் என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். யார் எண்ணினார்கள்? ஒரு பெரியவர் படியில் சறுக்கிவிட்டார், நல்லவேளை அடி இல்லை. அண்ணாச்சி கதவைச் சாத்திவிட்டு, பத்து நிமிஷம் கழித்து அட்டையைக் கிழித்து நம்பர் எழுதிக் கொடுத்து மறுபடி ஆரம்பித்தார். மறுநாள் என்னிடம், “அவருக்கு வீட்ல நோயாளி உண்டுக்கா” என்றார். இருக்கலாம். அதை வரிசைக்கு முன்னால் உரக்கச் சொல்லியிருந்தால் 2015 மாதிரி நாங்களே வழிவிட்டிருப்போம். இதற்காக அரை நட்சத்திரம் குறைக்கிறேன்.

2024 அக்டோபர் சிவப்பு எச்சரிக்கை சமயம் எங்கள் வேளச்சேரி நாடெங்கும் பிரபலமானது. வெள்ளத்துக்குப் பயந்து மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்திய கார்கள். போலீஸ் அபராதம் போடுகிறது என்று ஒரு செய்தி, இல்லை என்று மறுப்பு. வெளியூர்க்காரர்கள் மீம் போட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் கார்க்காரர் 2015-லும் 2023-லும் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்ப் பணம் அழுதவர். அவர் கணக்கு சரி. பத்தாவது கார்க்காரரைக் கேட்டேன், “ஒன்பது பேர் விட்டிருக்காங்களே” என்றார். அவர் கணக்கையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். மழை ஏமாற்றிவிட்டது, 16-ம் தேதி பயந்த அளவுக்குப் பெய்யவில்லை. முந்தின நாள் கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண்மணி மூன்று பாக்கெட் ரொட்டி எடுத்தாள். எங்கள் வீட்டில் இரண்டே பேர், நானும் மூன்று எடுத்தேன். நாலு நாள் ரொட்டி உப்புமா. அண்ணாச்சி திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மற்றபடி: காலை ஆறு முதல் ராத்திரி பத்து வரை, ஞாயிறு மதியம் மூடல். ஜிபே உண்டு, ஆனால் புயல் நாட்களுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் பிரமாதம். நாலரை நட்சத்திரம். டார்ச்சுக்கு செல் மட்டும் இங்கே வாங்காதீர்கள். 2015-ல் வாங்கிய நாலில் இரண்டு எரியவே இல்லை. கேட்டால் இன்றைக்கும் “தண்ணி பட்டிருக்கும்க்கா” என்கிறார்.