48,600 ரூபாய் போச்சு, கையால வரையிற டைல் ஓவியம்னு சொல்றவங்ககிட்ட ஜாக்கிரதையா இருங்க

நேத்து ராத்திரி ஒம்பதரைக்கு அந்த ஆள் என் நம்பர பிளாக் பண்ணிட்டான். அதுல இருந்து தூக்கமே இல்ல. 48,600 ரூபாய், ரெண்டு வருஷம் சீட்டு கட்டி எடுத்த காசு. காசு போனதக்கூட ஒருநாள் மறந்துடுவேன், ஆனா எங்கப்பா அந்தச் சுவத்தப் பாத்துட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு உள்ள போனாரே, அத மறக்க முடியல. அதான் எழுதறேன், கோவத்துல எழுதறதால முன்ன பின்ன இருக்கும், ஆனா கடைசி வரைக்கும் படிங்க, கடைசில எப்படி ஏமாறாம இருக்கறதுன்னும் சொல்றேன்.

எங்கப்பாவுக்கு அடுத்த வாரம் எழுபது முடியுது, பீமரத சாந்தி வச்சிருக்கோம். 2010 ஜூன்ல ஆபீஸ்காரங்களோட இமயமலைல சார் தாம்ங்கற நாலு கோயில் யாத்திரை போனாரு. கங்கோத்ரி கோயிலோட எல்லாரும் திரும்பிட்டாங்க, அங்க இருந்து 18 கிலோமீட்டர் நடந்து கோமுகம் வரைக்கும் போனது எங்கப்பாவும் இன்னும் மூணு பேரும்தான். போஜ்பாசால ஒரு ராத்திரி தங்கி, விடிகாலைல கிளம்பி, கங்கோத்ரி பனியாறு முடிஞ்சு பாகீரதி ஆறு வெளிய வர்ற அந்த வாய்க்கிட்ட நின்னு ஒரு போட்டோ எடுத்தாரு. கீழ பனி வாய், வலது பக்கம் மேல சிவலிங் சிகரம், 6,543 மீட்டர். அந்த உயரத்த ஏதோ சொந்தக்காரங்க போன் நம்பர் மாதிரி சட்டுனு சொல்வாரு. இப்ப ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, மாடிப்படி ஏறவே கம்பியப் பிடிக்கணும், இனிமே அவரால அங்க போக முடியாது.

அதனாலதான், போர்டிகோவுல அவர் காலைல காபி குடிக்க உக்காருவாரே, அந்த நாற்காலிக்கு நேரெதிர் சுவத்துல அந்த போட்டோவ டைல்ல பெருசா வரைஞ்சு ஒட்டணும்னு ஆசைப்பட்டேன். கேன்வாஸ் மழைச் சாரல்ல கெட்டுடும், பெயின்ட் அடிச்சா மூணு வருஷத்துல உதிரும், சூளைல சுட்ட டைல்னா நூறு வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும்னு படிச்சிருந்தேன். அது பொய் இல்ல, உண்மையாவே சுட்டிருந்தா இருக்கும்.

ஆன்லைன்ல தேடினப்ப ஒரு பக்கம் கண்ணுல பட்டுச்சு. பேரு சொல்லல. கையால டைல் மியூரல் செய்யிறோம்னு போட்டோ, வீடியோவா போட்டுத் தள்ளற மாதிரி ஒரு பக்கம், அவ்ளோதான் சொல்வேன். பிரஷ்ஷ நீலத்துல தொட்டு ஒருத்தர் மலை வரையிற வீடியோ, சூளைக்கதவு திறக்கற வீடியோ எல்லாம் இருந்துச்சு. மெசேஜ் போட்டேன், பத்து நிமிஷத்துல அவனே கூப்பிட்டான். நல்ல தமிழ்ல, பொறுமையா, மேடம் மேடம்னு.

இந்த இடத்தத்தான் நான் திரும்பத் திரும்ப நெனச்சுப் பாக்கறேன். போட்டோவ அனுப்பிட்டு ஒன்னு சொன்னேன். எங்கப்பா எப்பவும் சொல்வாரு, "காலண்டர்ல வர்ற மாதிரி அங்க ஐஸ் வெள்ள வெளேர்னு இருக்காதும்மா, மேல பூரா மண்ணும் கல்லும் மூடி அழுக்காத்தான் இருக்கும், பாளம் பாளமா உடைஞ்சு விழற எடத்துல மட்டும் உள்ள நீலமாத் தெரியும்"னு. அந்த அழுக்கும் வரணும், அந்த நீலமும் வரணும்னு கேட்டேன். அதுக்கு அவன் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "மேடம், எங்கப்பாவும் கேதார்நாத் போனவருதான், இப்ப இல்ல. உங்கப்பாவோடத நானே என் கையால போடறேன், வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன். கீழ மூலைல அப்பா பேரும் 2010னும் போட்டுடவா?"ன்னு கேட்டான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுங்க. விலைய பேரம் பேசக்கூடத் தோணல. அந்த ஒரு பேச்சுலதான் நான் விழுந்தேன்.

ஆறடிக்கு நாலடி, எட்டு இஞ்ச் டைல், ஒரு வரிசைக்கு ஒம்பதுன்னு ஆறு வரிசை, மொத்தம் 54. ஒன்னு 900 ரூபாய்னு 48,600 ரூபாய். பாதிய, 24,300அ, அன்னைக்கே ஜிபேல போட்டேன். பணம் போனது ஏதோ ஒரு தனியாள் பேருக்கு, கேட்டா "அக்கவுன்ட்ஸ் பாக்கற பையனோடது மேடம், ஜிஎஸ்டி பில் பொருளோட வரும்"னான். ரெண்டு மாசம் கழிச்சு, டைல்ல எங்கப்பா போட்டோ அச்சு அசலா இருக்கற மாதிரி ஒரு படம் வாட்ஸப்ல அனுப்பினான், சின்னப் படம், பெருசு பண்ணா கலங்கலாத் தெரிஞ்சுச்சு. அத நம்பி மிச்சம் 24,300அயும் போட்டேன். அது கம்ப்யூட்டர்ல ஒட்டின படம்னு இப்பத்தான் தெரியுது.

லாரி பார்சல்ல ஆறு பெட்டி வந்துச்சு, பில் இல்ல. ஒவ்வொரு டைல் மேலயும் வெள்ளக் கலர் ஸ்டிக்கர் ஷீட்டு, கொஞ்சம்கூட உள்ள தெரியாது, பின்னால மட்டும் நம்பர். "ஒட்டி முடிச்சு பசை காயிற வரைக்கும் ஷீட்ட உரிக்காதீங்க மேடம், கிளேஸ்ல, அதான் மேல இருக்கற கண்ணாடிப் பூச்சுல, கீறல் விழுந்தா நாங்க பொறுப்பில்ல"ன்னு வாய்ஸ் மெசேஜ். போன சனிக்கிழமை எங்க மேஸ்திரி அண்ணன் வந்து பெட்டியப் பிரிச்சதுமே சொன்னாரு, "பாப்பா, ஒன்னு ரெண்ட உரிச்சுப் பாத்துட்டு ஒட்டுவோமே"ன்னு. முப்பது வருஷமா டைல்ஸ் வேலை பாக்கறவரு. நான்தான், "வேணாண்ணே, அவரு உரிக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காரு"ன்னு தடுத்தேன். யாரோ முகம் தெரியாத ஒருத்தன் பேச்சக் கேட்டு, எதிர்ல நிக்கிற மனுஷன் பேச்சத் தள்ளிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலைல அப்பாவ நாற்காலில உக்கார வச்சுட்டு ஷீட்ட உரிச்சோம். முதல் வரிசை வானம். ரெண்டாவது, மூணாவது வரிசைல மலை உச்சி வந்துச்சு, அப்பா கொஞ்சம் முன்னால சாஞ்சு பாத்தாரு. அஞ்சாவது வரிசை உரிக்கும்போது ஒரு ஏரி. அந்த மலையோட நிழல் தலகீழா தண்ணில தெரியற மாதிரி அழகான ஒரு ஏரி.

"கோமுகத்துல ஏது தாயி ஏரி?"ன்னாரு அப்பா.

அவ்வளவுதான் கேட்டாரு. பனி வாய் இல்ல, அழுக்கு ஐஸ் இல்ல, பாகீரதி இல்ல, மூலைல அவர் பேரும் இல்ல. எங்க சித்தி பையன் போன்ல படம் பிடிச்சு தேடினான், ஒரே நிமிஷம். அது சுவிட்சர்லாந்துல இருக்கற மேட்டர்ஹார்ன், முன்னால இருக்கறது ரிஃபெல்சே ஏரி, உலகத்துல பாதிப் பேரு வால்பேப்பரா வச்சிருக்கற படம். தூரத்துல இருந்து பாத்தா ரெண்டும் கூம்பா ஒரே மாதிரி தெரியறது உண்மைதான், ஆனா மேட்டர்ஹார்ன் 4,478 மீட்டர், சிவலிங்க விட ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல கம்மி, அது வேற கண்டம், வேற மலை. ஏன் மாத்தினான்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அப்பாவோடது அந்தக் காலத்துச் சின்ன கேமரா போட்டோ, ஆறடிக்குப் பிரின்ட் போட்டா கட்டம் கட்டமா உடையும். கையால வரையிறவனுக்கு அது ஒரு பிரச்சனையே இல்ல, கண்ணால பாத்து வரையப் போறான். பிரின்ட் போடறவனுக்குத்தான் பெரிய படம் வேணும், அதான் நெட்ல கெடச்சத எடுத்துட்டான்.

ஆமா, பிரின்ட். ஜாயின்ட்டுக்கு ஒயிட் சிமென்ட் பூசிட்டு மேஸ்திரி ஈர ஸ்பாஞ்சால துடைச்சாரு, வெறும் தண்ணி, ஆசிட் ஒரு சொட்டு இல்ல. உச்சிக்குப் பக்கத்து டைல்ல ஓரம் லேசா எழும்பிச்சு. நான் நகத்தால தொட்டேன், காய்ச்சின பால் மேல ஆடை வருமே, அந்த மாதிரி மெல்லிசா சுருண்டு மலையோட ஒரு துண்டு என் விரலோட வந்துடுச்சு. கீழ பளபளன்னு வெள்ள டைல். அத விரல்ல ஒட்டினபடியே பாத்துட்டு நின்னேன், ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ஒன்னுமில்ல. ஷீட்ட உரிச்சதுலயே ஏழெட்டு டைல்ல ஓரத்து மையெல்லாம் ஷீட்டோட வந்திருக்கு, அப்ப கவனிக்கல.

மேஸ்திரி ஒரு டைல்ஸ் கடைக்காரர கூட்டிட்டு வந்தாரு. அவரு பஞ்சுல நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு ஒரு தேய் தேச்சாரு, ஏரி பஞ்சுக்கு வந்துடுச்சு. யூவி பிரின்ட்டாம், சாதா வெள்ள டைல் மேல மைய விட்டு லைட்டுல காய வைக்கறது, அதுக்குன்னு அடில பூசற பிரைமர்கூடப் பூசல. அந்த வெள்ள டைல் ஒன்னு இருபது ரூபா வருமாம்.

அவர் சொன்னது எனக்கு இன்னும் மனசுல நிக்குது. நிஜமா வரையிறதுன்னா அது உலோக ஆக்சைடுக் கலராம். கோபால்ட் ஆக்சைடு பொடியா இருக்கும்போது கறுப்பாத்தான் இருக்கும், சூளைக்குள்ள கண்ணாடிப் பூச்சோட சேர்ந்து உருகும்போதுதான் அந்த நீலம் வரும். ரெடி டைல் மேல வரைஞ்சாலும் மறுபடி 800 டிகிரி பக்கம் சுடணும், அப்பத்தான் கலர் கண்ணாடிக்குள்ள போய் உக்காரும், அதுக்கப்புறம் நகம் என்ன, கத்தி வச்சுச் சுரண்டினாலும் வராது. பனிக்கு வெள்ளக் கலர் பூசவே மாட்டாங்களாம், கிளேஸோட வெள்ளைய அப்படியே விட்டுட்டு சுத்தி நிழல் போடுவாங்களாம். இதெல்லாம் அந்த ஆள் என்கிட்ட சொன்ன "1,200 டிகிரில சுட்டது மேடம்"ல எங்கயுமே இல்ல.

இப்ப அவன் சொன்ன பதில்களக் கேளுங்க. ஞாயித்துக்கிழமை, "ஷீட்டு பசை லேசா இழுத்திருக்கும் மேடம், அது நார்மல்." திங்கள், "உங்க மேஸ்திரி ஆசிட் விட்டிருப்பாரு, அவர்கிட்ட கேளுங்க." முப்பது வருஷம் வேலை பாத்த மனுஷன் மேல பழி. ஆசிட் விடலன்னு வீடியோவோட அனுப்பினேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் இல்ல. செவ்வாய் வேற ஒரு குரல், "ஓனர் வெளியூர் போயிருக்காரு." மலையே வேறன்னு சொன்னா, "ஐஸ் மலைதான மேடம் கேட்டீங்க, இதுவும் ஐஸ் மலைதான?" இத எங்கப்பா காதுல விழாம இருக்கணும்னு போன எடுத்துட்டு கிணத்தடிக்குப் போயிட்டேன். புதன், "ஒட்டினப்புறம் ரிட்டர்ன் கிடையாது, கஸ்டம் ஆர்டர்." ஒட்டாம உரிக்கக் கூடாதுன்னு சொன்னவனே அவன்தான்! நேத்து, "வேணும்னா அடுத்த ஆர்டர்ல பத்து பர்சன்ட் கம்மி பண்றோம்." 48,600 ரூபாயத் திருப்பிக் குடு, இல்ல கேஸ் போடுவேன்னேன். பிளாக்.

அவங்க பக்கத்துல கமென்ட் போட்டேன், ரெண்டு நிமிஷத்துல அழிச்சிட்டாங்க. அங்க சூப்பர் சூப்பர்னு மட்டும் கமென்ட் இருக்கறதுக்குக் காரணம் அதுதான்.

1915 நம்பர் நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சாச்சு, 1930 சைபர் கிரைம் ஹெல்ப்லைன்லயும் சொல்லிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடலாம், அதையும் போடறேன், விட மாட்டேன்.

எப்படி ஏமாறாம இருக்கறதுன்னு விவரமா எழுதணும்னுதான் நெனச்சேன், இப்ப முடியல, சுருக்கமா சொல்றேன். முழுப் பணம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சாம்பிள் டைல் காசு குடுத்தாவது வரவழைங்க, நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டுத் தேய்ங்க, கலர் வந்தா விட்டுடுங்க. தனியாள் பேருக்கு பணம் போடாதீங்க, பில் இல்லாம மிச்சப் பணம் குடுக்காதீங்க. மேல ஷீட்டு ஒட்டி வந்தா ஒட்டறதுக்கு முன்னாடி 54அயும் உரிச்சு தரைல பரப்பிப் பாருங்க, யாரு என்ன சொன்னாலும் சரி. பிரிக்கறத வீடியோ எடுங்க. உங்க மேஸ்திரி சொல்றதக் கேளுங்க.

நிஜமாவே சூளை வச்சு கையால டைல் வரையிறவங்க யாராவது உங்களுக்கு நேர்ல தெரிஞ்சிருந்தா கீழ சொல்லுங்க, நானே வந்து சூளையப் பாத்துட்டுத்தான் பேசுவேன்.

அப்பா அஞ்சு நாளா காபிய உள்ள வச்சுத்தான் குடிக்கறாரு. அந்த பழைய போட்டோவ மட்டும் என்கிட்ட இருந்து திருப்பி வாங்கி அலமாரில வச்சுக்கிட்டாரு. மேஸ்திரி இப்ப சுத்தியலோட வந்துட்டாரு, விசேஷத்துக்கு முன்னாடி சுவத்த உடைச்சுப் பூசி முடிக்கணும். ரெண்டு டைல மட்டும் உடையாம எடுத்துக் குடுங்கண்ணேன்னு சொல்லிருக்கேன், மலை உச்சி ஒன்னு, ஏரி ஒன்னு, கேஸுக்கு வேணும்.