பயணத்துக்கு ஒரே லென்ஸ் போதும் என்று நம்பி நான் ஏமாந்த விதம்

நீண்ட பயணம் ஒன்றுக்குப் புறப்படுவதற்கு முன், மூன்று லென்ஸ்களைச் சுமந்து அலையும் தொல்லை இனி வேண்டாம் என்று முடிவுசெய்து, பயன்படுத்திய கேமராக் கருவிகளை விற்கும் ஒருவரிடம் ஒரு ஜூம் லென்ஸ் வாங்கினேன். "18 முதல் 300 வரை இதிலேயே எடுக்கலாம், மலைத்தொடருக்கும் இதுதான், தூரத்துப் பறவைக்கும் இதுதான்" என்றார் அவர். இந்த எண்கள் லென்ஸின் குவியத் தூரம், மில்லிமீட்டரில்: எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தூரத்தில் இருப்பது அருகில் தெரியும். லென்ஸின் உடலில் 18–200 என்றுதான் பொறிக்கப்பட்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டியபோது, "உங்கள் கேமராவில் மாட்டினால் 200 என்பது 300 ஆகிவிடும், உங்களுக்கு லாபம்தானே?" என்று சிரித்தார். அந்தப் பதிலை அங்கேயே ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

என்னுடையது 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமரா. அதன் சென்சார், அதாவது ஒளியைப் படமாகப் பதியும் சில்லு, 36×24 மில்லிமீட்டர். அந்த லென்ஸோ, ஏபிஎஸ்-சி எனப்படும், ஏறத்தாழ 24×16 மில்லிமீட்டர் அளவுள்ள சிறிய சென்சாருக்காகச் செய்யப்பட்டது. லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் வளையமான மவுன்ட் ஒன்றே என்பதால் அது கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அதன் வழியே வரும் ஒளிவட்டம் என் சென்சாரின் மூலைகளை எட்டாது என்பதால், கேமரா தானாகவே நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டது. 200 என்பது 300 போலத் தோன்றுவது இந்த வெட்டினால்தான். அதே கணக்கின்படி 18 என்பது 27 ஆகி, காட்சிக் கோணம் குறுகிவிடும் அல்லவா? விற்றவர் தமக்குச் சாதகமான முனையை மட்டும் 1.5ஆல் பெருக்கிவிட்டு, மறுமுனையை அப்படியே விட்டுவிட்டார். அறியாமையால் வந்த பிழையாக இதை என்னால் கருத முடியவில்லை, ஏனெனில் பெருக்கத் தெரிந்தவருக்கு இரண்டு முனைகளையும் பெருக்கத் தெரியாமல் போயிருக்காது.

இழப்பு கோணத்தோடு நிற்கவில்லை. 6000×4000 பிக்சல் படம் தர வேண்டிய கேமரா, இந்த லென்ஸோடு ஏறத்தாழ 10 மெகாபிக்சல் படத்தையே தந்தது. கேமராவின் சிறிய திரையில் எந்தப் படமும் கூர்மையாகத்தான் தெரியும். பயணம் முடிந்து கணினியில் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. குறுகலான தெருக்களில் கட்டடங்களின் உச்சி சட்டத்துக்குள் அடங்காமல் போனதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

ஒளி பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை. 18இல் எஃப்/3.5 ஆக இருக்கும் அபர்ச்சர் (ஒளியை உள்ளே விடும் திறப்பு; எஃப் எண் பெரிதானால் சென்சாருக்கு வரும் ஒளி குறைவு) 200இல் எஃப்/6.3 ஆகச் சுருங்கும், அதாவது உள்ளே வரும் ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இது இவ்வகை லென்ஸ்களின் இயல்பு, ஏமாற்று அல்ல. ஆனால் "உள்ளறைகளிலும் பிரமாதமாக எடுக்கும், நடுக்கத் தடுப்பு இருக்கிறது" என்று சொன்னது ஏமாற்றுதான். நடுக்கத் தடுப்பு நம் கையின் ஆட்டத்தைத்தான் சமாளிக்குமே தவிர, எதிரே நடந்து வருபவரை நிறுத்தி வைக்காது. மங்கிய அருங்காட்சியகத்தில் நான் எடுத்த படங்களில் சிலைகள் தெளிவாகவும் மனிதர்கள் நிழல்களாகவும் இருக்கிறார்கள்.

இதற்கும் மேல், எல்லாப் படங்களிலும் வலப்பக்கம் மட்டும் மழுங்கியிருந்தது. ஒரு செங்கல் சுவருக்கு நேர் எதிரே ட்ரைபாடில் கேமராவை வைத்து எடுத்துப் பார்த்தேன்: இடப்பக்கச் செங்கற்களின் விளிம்புகள் தெளிவாக இருந்தன, வலப்பக்கத்தில் குழைந்திருந்தன. உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருந்தால் இப்படித்தான் ஆகும். மவுன்ட்டைச் சுற்றியுள்ள திருகுகளைப் பார்த்தால் தலைகள் தேய்ந்திருந்தன. யாரோ முன்பே கழற்றியிருக்கிறார்கள். உத்தரவாத அட்டையில் இருந்த வரிசை எண்ணும் லென்ஸில் இருந்த எண்ணும் வேறுவேறு.

ஆகவே வாங்கும் இடத்திலேயே உங்கள் கேமராவில் மாட்டி, ஒரு சுவரைக் குறைந்த, நடுத்தர, அதிக ஜூமில் எடுத்து, படத்தின் பிக்சல் அளவையும் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். பெயரில் உள்ள எழுத்துகளையும் கவனியுங்கள்: நிக்கானில் டிஎக்ஸ், கேனனில் ஆர்எஃப்-எஸ், சிக்மாவில் டிசி என்றிருந்தால் அது சிறிய சென்சாருக்கானது. ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவருக்கு, 24–105 எஃப்/4 போன்ற ஒன்று பறவையைத் தவிர மற்ற அனைத்துக்கும் போதும் என்பது என் கருத்து. பறவைக்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவன் நான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "லென்ஸ் கேமராவில் பொருந்துகிறது, படமும் விழுகிறது, பிறகென்ன குறை?" என்று எழுதினார். அடுத்த கடிதத்துக்குப் பதிலே இல்லை.