சிபானி டால்ஃபின் ஃபைபர் பாடிக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே பெயிண்ட்: நாலரை வருடம் கழித்து

போன வாரம் வண்டியைக் கழுவிவிட்டு, சாயங்கால வெயிலில் குனிந்து பார்த்தேன். இடது கதவுக் கைப்பிடியைச் சுற்றி மயிரிழை மாதிரி மூன்று கோடுகள். பெயிண்ட் அடித்த எட்டாம் மாதமே எட்டிப் பார்த்தவை. இப்போது ஒன்று கண்ணாடி ரப்பர் வரை போய்விட்டது. வலது கதவில் அதே இடத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டும் ஒரே மாதத்தில் நானே செய்த வேலைதான். ஏன் இப்படி என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

வண்டி சிபானி டால்ஃபின் என்ற பழைய கார். பெங்களூரில் 1982 முதல் செய்தார்கள். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் கார்தான் இங்கே வந்து டால்ஃபின் ஆனது. 848 சிசி எஞ்சின், பின்சக்கர டிரைவ், இரும்புச் சேசிஸ், அதன்மேல் முழுக்கக் கண்ணாடி நாரில் செய்த ஃபைபர் பாடி. இரண்டே கதவு இருந்ததால் குடும்பஸ்தர்கள் அவ்வளவாகச் சீண்டவில்லை. ஆனால் 80-களில் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் ரேஸ் பார்த்தவர்களைக் கேளுங்கள், கண் விரியும். எடை குறைவு, அதனால் ஓட்டம்.

நான் வாங்கும்போது சிவப்பு வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது. கோவையில் இரண்டு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். ஃபைபர் என்றதும் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார், இன்னொருவர் சொன்ன தொகைக்குப் பழைய மாருதி ஒன்று வாங்கலாம். சரி, வீட்டிலேயே அடிப்போம் என்று 2021 ஜனவரியில் இறங்கினேன். போர்டிகோவைச் சுற்றித் தார்ப்பாய், 2 ஹெச்பி கம்ப்ரசர் 50 லிட்டர் டேங்க்குடன், இரண்டு ஸ்ப்ரே கன். எங்கள் தெருமுனையில் இருக்கும் பெயிண்டர் அண்ணன் சாயங்காலம் டீக்கு வரும்போது எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போவார். பாதிப் படிப்பு அங்கேதான்.

முதல் திட்டு பழைய பெயிண்டை எடுப்பதில். தகர வண்டி என்றால் ரிமூவரைத் தடவிச் சுரண்டிவிடலாம். ஃபைபரில் அதே ரிமூவர் பெயிண்டோடு நாரைப் பிடித்து வைத்திருக்கும் பிசினான ரெசினையும் இளக்கிவிடும். டப்பாவைக் கையில் பார்த்ததும் அண்ணன் பிடுங்கி ஓரமாக வைத்தார். ஆக, தேய்ப்புதான். தேய்ப்பதற்கு முன்னால் மெழுகு, எண்ணெய் எல்லாவற்றையும் துணியில் கிளீனர் நனைத்துத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் மெழுகை நாமே உள்ளே அழுத்தி ஏற்றிவிடுவோம். டிக்கி மூடியில் இதை அரைகுறையாகச் செய்தேன். கலர் விழுந்த நொடியில் மீன் கண் மாதிரி குழி குழியாக விலகி நின்றது. பழைய ஓனர் போட்ட ஏதோ சிலிக்கோன் பாலிஷ். முழுவதும் திரும்பத் தேய்த்தேன்.

இப்போது அந்தக் கோடுகள். ஃபைபரின் மேல்தோல் ஜெல்கோட். உள்ளே கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்திருப்பதால் பாடி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஜெல்கோட்டில் நார் கிடையாது, வளையத் தெரியாமல் சிலந்திவலை மாதிரி வெடிக்கும். கைப்பிடி, பானட் கீல், போல்ட் இறங்கும் இடங்கள் எல்லாவற்றிலும் இருக்கும். வலது கதவில் கைப்பிடியைக் கழற்றி, கிரைண்டரில் 80 நம்பர் டிஸ்க் போட்டு, வெடிப்பு கண்ணுக்கு முழுதாக மறையும் வரை இழைத்தேன். சுற்றிலும் இரண்டு அங்குலம் சரிவு. அதில் மேட் என்னும் கண்ணாடி நார்த் துணி இரண்டு அடுக்கு ரெசினில் நனைத்து, பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றினேன். கதவின் உள்பக்கமும் ஒரு அடுக்கு. அதன் பிறகுதான் பட்டி, அதுவும் மெலிசாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

இடது கதவுக்கு வந்தபோது முதுகு ஒடிந்திருந்தது. கோட்டை பிளேடால் கீறி, பட்டியை அழுத்தி, தேய்த்து, கையால் தடவிப் பார்த்தால் வழவழவென்று இருந்தது. பட்டி மேலே உட்கார்ந்திருக்கிறது, கீழே வெடிப்பு அப்படியே. கதவை ஒவ்வொரு முறை சாத்தும்போதும் அது அசைகிறது. எட்டு மாதம் தாங்கியதே பெரிது.

தேய்க்கும்போது வரும் தூசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்ணாடித் தூள் அது. முழுக்கைச் சட்டை, கண்ணாடி, மாஸ்க் எல்லாம் போட்டும் கழுத்து மடிப்பில் மூன்று நாள் அரிப்பு. அரிக்கும் இடத்தைத் தேய்க்காமல் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கழுவியதுதான் எனக்குக் கைகொடுத்தது. அம்மா அந்தச் சட்டையை வாஷிங் மெஷின் பக்கமே விடவில்லை. “தனியா அலசிக்கோ, இல்லேன்னா வீட்ல எல்லாரும் சொறிஞ்சிட்டு நிக்கணும்” என்று கொல்லைப் பக்கம் ஒரு பக்கெட்டை ஒதுக்கிக் கொடுத்தார்.

தூசிக்குப் பயந்து அடுத்த தப்பைச் செய்தேன். முன் இடது ஃபெண்டரை வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டே தேய்த்தேன். தூசி பறக்கவில்லை, சுகமாக இருந்தது. ஜெல்கோட் போய் நார் தெரிந்த இடங்களில் தண்ணீர் உறிஞ்சப்படும் என்று யோசிக்கவில்லை. மறுநாளே பிரைமரும் அடித்துவிட்டேன். அந்த ஐப்பசி மழை முடிந்ததும் ஃபெண்டரில் கடுகு கடுகாகக் கொப்புளம். ஊசியால் குத்தினால் ஒரு துளி தண்ணீர். மற்ற இடங்களில் எபாக்சி பிரைமர் இரண்டு கோட் விழுந்த பிறகுதான் தண்ணீர் காட்டினேன். அங்கெல்லாம் இன்றுவரை கொப்புளம் இல்லை.

பிரைமர் அடித்ததும் இன்னொரு கூத்து. அதுவரை கண்ணில் படாத ஊசித் துளைகள் நூற்றுக்கணக்கில் தெரியும். பிரைமரே மூடிவிடும் என்று நம்பக்கூடாது. அது மேலே பாலம் போட்டு நிற்கும், காய்ந்ததும் வாய் திறக்கும். ஸ்டாப்பர் பட்டியை விரல் நுனியால் ஒவ்வொரு துளையிலும் அழுத்தினேன். கூரைக்கு மட்டும் இரண்டு சாயங்காலம்.

ஸ்ப்ரே செய்வதில் பெரிய ரகசியம் இல்லை, பழைய தகரத் துண்டில் பத்து முறை அடித்துப் பார்த்தால் கை பழகிவிடும். கன்னில் பிரைமருக்கு 1.8 மி.மீ. நாசில், கலருக்கு 1.4. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரம், முந்தின பட்டையில் பாதியை மூடிக்கொண்டு அடுத்தது. கம்ப்ரசர்தான் காலை வாரியது. பானட்டில் பாதி தூரம் போனதும் டேங்க் காலியாகி, கன் தூறலாகத் துப்பியது. பேனலுக்குப் பேனல் நிறுத்தி டேங்க் நிரம்பக் காத்திருந்தேன். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இல்லாமல் மட்டும் அடிக்காதீர்கள்.

கலருக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்தான் எடுத்தேன், தெரிந்தேதான். பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்டில் பளபளப்பும் உழைப்பும் அதிகம், மறுக்கவில்லை. அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் ஆகாது. அதற்கு வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாயில் வரும் மாஸ்க் வேண்டும். தார்ப்பாய் கட்டிய போர்டிகோவில், மேலே அம்மா வடகம் காயப்போட்டிருக்கும் வீட்டில், அது சரிப்படாது. என்.சி.யும் சாதுவில்லை. தின்னர் புகை தலையைச் சுற்றும், சட்டென்று தீப்பிடிக்கும். கார்பன் ஃபில்டர் மாஸ்க் போட்டு, அடிக்கும் நேரத்தில் இரண்டு பக்கத் தார்ப்பாயையும் தூக்கிவிட்டு, சமையலறை அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் கன்னைத் தொட்டேன். இருந்தும் அந்த வருட வடகத்தில் ஒரு தட்டு பச்சையானது.

பச்சை என்றேன் இல்லையா, கரும்பச்சை. இதுதான் இந்த வேலையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம். அண்ணன் டப்பாவைப் பார்த்ததுமே, “தம்பி, இது வேண்டாமுங்க. கூரையில நாரு நாரா எந்திரிச்சிரும், வெள்ளையோ கிரீமோ அடிங்க” என்றார். கேட்டிருக்கலாம். முதல் வருடம் பார்த்தவர்கள் எல்லாம் கேரளாவில் அடித்ததா என்று கேட்டார்கள், அவ்வளவு அழகு. 2022 சித்திரை வெயிலுக்குப் பிறகு கூரையிலும் பானட்டிலும் மேட் துணியின் நார்த் தடம் அப்படியே மேலே தெரிந்தது. கரும் நிறம் சூட்டை வாங்கிக்கொள்ளும். சூட்டில் ரெசின் இளகி இன்னும் கொஞ்சம் இறுகிச் சுருங்கும், கண்ணாடி நார் சுருங்காது. நான் புதிதாக மேட் வைத்த இடங்களில் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

என்.சி.யின் கணக்கும் அதற்குள் வந்துவிட்டது. பெட்ரோல் மூடிக்குக் கீழே பங்கில் சிந்திய துளிகள் வழிந்து பெயிண்டைக் கரைத்துத் தடம் போட்டிருந்தன. மற்ற இடங்கள் இரண்டாம் வருடம் மங்கின. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காம்பவுண்ட் என்னும் பாலிஷ் பசை போட்டுத் தேய்த்தால் பளபளப்பு திரும்பும், கூடவே பெயிண்ட்டும் கொஞ்சம் போகும்.

2024-ல் கூரை, பானட் இரண்டையும் திரும்ப இழைத்து கிரீம் கலர் வீட்டிலேயே அடித்தேன். மேலே நிறமில்லாத கிளியர் கோட் மட்டும் பி.யு.; வண்டியை மாஸ்கிங் போட்டபடியே ஓட்டிப்போய் பெயிண்ட் பூத் (அதற்கென்றே அடைத்த அறை) இருக்கும் இடத்தில் அடிக்கச் சொன்னேன். ஃபைபர் என்பதால் ஹீட்டர் போடாமல் காயவிடச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். ஒன்றரை வருடமாகிறது. நார்த் தடம் மேலே வரவில்லை. கரும்பச்சை உடம்பு, கிரீம் கூரை என்று பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது; வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லிக்கொள்கிறேன்.

செலவு கேட்பவர்களுக்கு: 2021-ல் பெயிண்ட், தின்னர், பட்டி, பேப்பர், மேட், ரெசின் சேர்த்து 17,000 ரூபாய் சுமார். கம்ப்ரசர் தனி. என் ஞாயிற்றுக்கிழமைகள் பதினொன்று.

ஒன்று விட்டுவிட்டேன். ஃபைபரில் கரன்ட் பாயாது, அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் ஒயர் தனியாகச் சேசிஸுக்குப் போகும். பெயிண்ட் முடித்து ஆசையாக ஸ்டார்ட் செய்தால் பின்விளக்கு எரியவில்லை, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்குகிறது. சேசிஸில் எர்த் போல்ட் இருந்த இடத்தையும் சேர்த்து அழகாகப் பச்சை அடித்து வைத்திருந்தேன். எமரியால் சுரண்டியதும் சரியானது.

இடது கதவுக்கு மேட்டும் ரெசினும் வாங்கி வைத்துவிட்டேன். மழை போகட்டும், தையில் கைப்பிடியைக் கழற்றுகிறேன்.