‘இது நம்ம ஊருக்கு ஆகாது ஆச்சி’ என்று சொன்ன நர்சரி

போன மார்கழியில் ஒரு மலையூரில் குட்டை அசேலியா பூச்செடி இரண்டு வாங்கி வந்தேன். ஒன்று 450 ரூபாய். “எங்க வெச்சாலும் வரும்” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பள்ளத்தூரில் எங்கள் வளவு (வீட்டு நடு முற்றம்) ஓரம், தூண் நிழலில் வைத்தேன். தை முழுக்க ரோஸ் நிறத்தில் பூத்துத் தள்ளியது. மாசியில் கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றது. பங்குனியில் ஒரு செடி போய்விட்டது. மனசு கேட்கவில்லை.

மிச்சம் இருந்ததைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போன இடம்தான் இந்த நர்சரி. காரைக்குடியிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் வழியில், பெயர்ப் பலகைகூட இல்லாமல், பச்சை வலைப் பந்தல் போட்ட சின்ன இடம்.

நர்சரி நடத்தும் தம்பி தொட்டியைக் கவிழ்த்து வேரைக் காட்டினார். முடி மாதிரி மெல்லிய வேர், பின்னிப் பின்னி ஒரே பந்தாக இருந்தது. “இதோட வேர் ஆழமாப் போகாது ஆச்சி, மேலாலேயே படரும். நீங்க தண்டு வரைக்கும் மண்ணை அணைச்சுட்டீங்க. ஊத்துனது போர்வெல் தண்ணியா?” என்றார். ஆமாம் என்றேன்.

அசேலியா, ரோடோடென்ட்ரான் இனத்துச் செடி. மண் புளிப்பாக (அமிலத் தன்மையோடு), அதை அளக்கும் பிஎச் எண் 4.5-லிருந்து 6-க்குள் இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்துள்ள போர்வெல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அந்த மஞ்சளுக்கு அதுதான் காரணம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தக் குளிரில் இந்த இனம் காட்டு மரமாகவே சிவக்கச் சிவக்கப் பூக்கும். சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் நம் ஊரை அது எப்படித் தாங்கும்?

“இது நம்ம ஊருக்கு ஆகாது ஆச்சி, நான் வரவழைக்கறதே இல்ல” என்றவர், அப்படியே திருப்பி அனுப்பவில்லை. அலசிய தென்னை நார்த் தூளும் இலை மக்கும் கலந்து, வேர்ப்பந்து மண்ணுக்கு மேல் அரை விரல்கடை தெரியும்படி வைத்து, காய்ந்த சருகைப் பரப்பினார். மழைத் தண்ணீர் மட்டும் ஊற்றச் சொன்னார். வளவில் விழும் மழையைக் கிடாரத்தில் (பெரிய அண்டாவில்) பிடிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் இருப்பதால் அது சிரமமாக இல்லை. கூலி 50 ரூபாய்தான். செடி புதுத் துளிர் விட்டிருக்கிறது, மொட்டு இன்னும் வரவில்லை.

தோட்டத்துக்கு அவர் கொடுத்தது குட்டை இட்லிப்பூ, ஒன்று 70 ரூபாய். அதற்கும் புளிப்பு மண்தான் பிடிக்கும், ஆனால் வெயிலுக்கு அஞ்சாது. முகப்பு வாசலில் நான்கு வைத்தேன். முழங்கால் உயரத்துக்குள் கொத்துக் கொத்தாகச் சிவப்பு. பூ உதிர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வந்து மறுபடி பூக்கிறது.

ஒரு குறை: அவர் தரும் செடிப் பைகளில் களிமண் அதிகம், தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது. நடும்போது ஓரத்து மண்ணைக் கையால் உதிர்த்துவிடுங்கள். காலை ஒன்பதுக்குள் போனால் அவர் நின்று பேசுவார், அப்புறம் லோடு வந்துவிடும்.